காயம்பட்ட காட்டுயிர்க்குக் கண்டியில் இடமில்லையா?

2020 மே 26ஆம் நாள் மஸ்கெலியா நல்லதண்ணி லக்சபான தோட்டத்தில், கருஞ்சிறுத்தையொன்று கம்பிச் சுருக்கிற் கழுத்து நெரிபட்டுத் தவித்தது. உயிருடன் மீட்டனர், எனினும் சிகிச்சைக்காக அதனை மலையிறக்கி, தெற்கே தொலைவிலுள்ள உடவளவைக்கன்றோ கொண்டுசெல்ல நேர்ந்தது! 29ஆம் நாள் அது மாண்டது. அருகில் மருத்துவமனை இருந்திருப்பின் பிழைத்தேயிருக்கும் என்று நாம் வாதாட வரவில்லை. 1937ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டம் கொல்லாதே என்கிறது; காயத்திற்கு மருந்திட அதனால் இயலுமா?

பன்றி பயிரை அழிக்கும் துயரை நாமறிவோம். நட்டஈடு கேளுங்கள், உடன்நிற்போம். சுருக்கோ, பன்றியைத் தின்னும் சிறுத்தையையே கொல்கிறது.

பேராதனைப் பல்கலைக்கழகத்தில் மிருக வைத்திய பீடம் இருக்கிறது. அதனருகே, காட்டு விலங்குகளுக்கெனத் தனிக்கூடுகளும் சத்திரசிகிச்சைக் கூடமுங் கொண்ட பெரிய மருத்துவமனை எழுப்பப் பணம் ஒதுக்குமாறு, மலைநாட்டு உறுப்பினர்கள் கட்சிபேதமின்றிப் பாராளுமன்றத்திற் கேட்கவேண்டும்.