பட்டினி கிடந்த கெக்கோ
இரவு நிகழ்ச்சி முடித்து நான் வீடு திரும்பும் நேரம்தான் எங்கள் லெப்பர்ட் கெக்கோவுக்கும் சாப்பாட்டு நேரம். திடீரென்று செங்கெரிக் பூச்சியைத் தொடவே இல்லை. கொழுப்பைச் சேமித்து வைக்கும் வால் இளைத்துக்கொண்டே வந்தது. “பல்லி சாப்பிடலைன்னு நீ ஏன் தூங்காம கெடக்கிற?” என்றார் அம்மா.

கால்சியம் தூள் தூவினேன், புழு மாற்றினேன். பயனில்லை. கடைசியில் குற்றவாளி என் அறை ஏர்கோன்! வயிற்றுக்கடியில் சுமார் 32 டிகிரி சூடு இல்லாவிட்டால் அதற்குத் தின்றது செரிக்காதாம். கால்நடை மருத்துவர் சொன்னதும் வெப்ப விரிப்பும் தெர்மோஸ்டாட்டும் வாங்கினேன். உங்கள் வீட்டிலும் கெக்கோ இருந்தால், மிச்சப் பூச்சிகளை அன்றிரவே எடுத்துவிடுங்கள். அவை கெக்கோவையே கடிக்கும்.

ஒன்பதாம் நாள் ஒரு பூச்சியைக் கவ்வியது. நான் ஒலிபரப்பில் இருந்தேன். பார்த்தது அம்மாதான். நிலையத்துக்கே போன் போட்டுவிட்டார்.