அத்திப்பட்டி எங்கே, 'சகானா' எங்கே?

மறைந்தவரைக் குறை கூறுவதா என்று தோழர்கள் சிலர் முகம் சுளிக்கலாம். சுளிக்கட்டும். டைரக்டர் கே. பாலசந்தர் 2014 டிசம்பரில் கண்மூடினார். அவர் படத்தை இரண்டாம் ஆட்டம் பார்த்துவிட்டு, தூங்காத கண்ணோடு காலை ஷிப்டுக்கு ஓடிய கூட்டம் நாம். அந்த உரிமையிலே பேசுகிறோம்.

அக்கவுண்டன்ட் ஜெனரல் ஆபீசிலே உத்தியோகம் பார்த்துக்கொண்டே நாடகம் போட்டவர் அவர். மாதக் கடைசியிலே சம்பளக்காரன் வீடு எப்படியிருக்கும் என்பதை அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. 1974-ல் 'அவள் ஒரு தொடர்கதை'. குடும்பத்தின் பாரமெல்லாம் ஒரு பெண்ணின் தோளிலே. 1980-ல் 'வறுமையின் நிறம் சிவப்பு'. வேலை தேடி டில்லித் தெருவிலே அலையும் இளைஞர்கள். அடுத்த ஆண்டு 'தண்ணீர் தண்ணீர்'! கோமல் சுவாமிநாதனின் நாடகத்தை எடுத்துக்கொண்டு, குடிக்க நீரற்ற அத்திப்பட்டியைத் திரைக்குக் கொண்டுவந்தார். மனுக் கொடுத்துச் சலித்த மக்கள் தாங்களே கால்வாய் வெட்டக் கிளம்புகிறார்கள். சர்க்கார் சட்டம் குறுக்கே நிற்கிறது! கொட்டகையிலே நாம் தட்டிய கையின் சூடு இன்னும் ஆறவில்லை.

1985-ல் 'சிந்து பைரவி'. சங்கீத வித்வானின் கச்சேரியிலே ஒரு பெண் எழுந்து, தமிழிலே பாடினால் என்ன என்று கேட்கிறாள். எத்தனை காலத்துக் கேள்வி அது! சபா வாசலையே மிதிக்காத நம்மவரும் அந்தக் காட்சியைச் சொல்லிச் சொல்லி மகிழ்ந்தனர்.

அந்தப் படத்தின் தொடர்ச்சியாக 2003-ல் ஜெயா டி.வி.யிலே 'சகானா' வந்தது. ஆவலோடு உட்கார்ந்தோம். வித்வான் வந்தார், சிந்து வந்தாள். நம் நெஞ்சிலே நின்ற அந்தக் கேள்வியைக் காணோம்! வீட்டுக்குள் விசும்பல், கூடத்திலே குமுறல், கடைசியிலே ஒரு திடுக்கிடல், பிறகு சோப்பு விளம்பரம். பேசாமலே பேசவைத்த மனிதர், பேசியதையே பேசவைத்தார் என்றுதான் நமக்குப் பட்டது.

குற்றம் முழுவதும் அவர்மீதா? இல்லை. நாள்தோறும் அரைமணி நேரத்தை நிரப்பியாக வேண்டும். விளம்பரக்காரன் பணம் தந்தால்தான் படப்பிடிப்பு நடக்கும். மறுநாளும் நம்மை இழுத்துவர ஒரு முடிச்சுப் போட்டாக வேண்டும். மில் முதலாளி கெஜக்கணக்கிலே துணி கேட்பதுபோல, டி.வி. முதலாளி வாரக்கணக்கிலே கதை கேட்கிறான். தறியிலே நிற்பவனுக்கு இந்த அவசரம் புரியும். ஆனால், அவசரம் இல்லாதபோது அதே சின்னத்திரையிலே அவர் என்ன செய்யக்கூடியவர் என்பதைத் தூர்தர்ஷனில் 'ரயில் சிநேகம்' பார்த்தவர்கள் அறிவார்கள். அதனால்தான் மனம் ஆறவில்லை. வேறொருவர் எடுத்திருந்தால் பெட்டியை அணைத்துவிட்டுப் போயிருப்போம்.

கொட்டகைக்குக் காசு கொடுத்துப் போகமுடியாத வீடுகளிலும் டி.வி. பெட்டி புகுந்துவிட்ட காலம் அது. அத்திப்பட்டி போன்ற ஊர்களிலேயே அவரைக் காண ஆட்கள் காத்திருந்தார்கள். ஆலைத் தோழர் ஒருவர் ஒரு மாதம் பொறுமையாகப் பார்த்தார். பிறகு, "தண்ணி வண்டி வந்தா எழுப்புங்க" என்று சொல்லிவிட்டுத் திண்ணையிலே துண்டை விரித்துப் படுத்துக்கொண்டார்.