கூட்டுபவரின் மூச்சு கணக்கில் வருமா?

பக்கவாதம் வந்தால் ரத்தக் கொதிப்பு, சர்க்கரை, பீடி என்றுதான் காரணம் தேடுகிறோம். காற்று மாசும் ஒரு காரணம். 2.5 மைக்ரானுக்கு உட்பட்ட நுண்துகள்கள் நுரையீரலின் ஆழம்வரை சென்று அழற்சியை உண்டாக்குகின்றன; ரத்த அழுத்தத்தை ஏற்றுகின்றன; ரத்தம் உறைய வழிசெய்கின்றன. மூளைக்குச் செல்லும் ரத்தக்குழாய் அடைபட்டால் கை, கால் விழுந்துவிடும்.

இந்தத் துகளின் ஆண்டுச் சராசரி ஒரு கனமீட்டருக்கு 5 மைக்ரோகிராமைத் தாண்டக் கூடாது என்கிறது உலக சுகாதார நிறுவனம். இந்தியா அனுமதிப்பது 40. 2019இல் ஒன்றிய அரசு தொடங்கிய தேசியத் தூய காற்றுத் திட்டமோ, நகரங்களின் முன்னேற்றத்தைப் பெரிய துகள்களும் சேர்ந்த பிஎம் 10 அளவைக் கொண்டே மதிப்பிடுகிறது. அதனால் நிதியில் பெரும்பங்கு சாலைத் தூசியை அடக்கவே செலவாகிறது. எரியும் குப்பை, வாகனம், அனல்மின் நிலையம் ஆகியவற்றின் நச்சுப்புகை பின்னுக்குப் போய்விடுகிறது.

அந்தப் புகையை எல்லோரும் ஒரே அளவில் சுவாசிப்பதில்லை. விடியலில் சாலையைக் கூட்டுபவர்களும், கொடுங்கையூர் போன்ற குப்பைமேடுகளில் குப்பை பிரிப்பவர்களும் பெரும்பாலும் தலித்துகள். சாதி சுமத்திய வேலையை இன்று ஒப்பந்த முறை தொடர்கிறது. தினக்கூலிக்காரர் படுத்துவிட்டால் அன்றே வருமானம் நிற்கும். மருத்துவச் செலவு குடும்பத்தின் தலையில் விழும்.

எனவே மாசு அளக்கும் கருவிகள் குப்பைமேடுகளின் அருகிலும் வேண்டும். நுண்துகள் குறைந்ததா என்பதே திட்டத்தின் அளவுகோலாக வேண்டும். தூய்மைப் பணியாளர்களுக்கு ஊதியத்துடன் கூடிய ரத்த அழுத்தப் பரிசோதனையும், சிகிச்சைக் கால விடுப்பும் உரிமையாக வேண்டும். ஊரைச் சுத்தம் செய்பவருக்குச் சுத்தமான காற்று சலுகை அல்ல.