உருவாகவே வழியில்லாத சப்கிளாஸ்

டாட்நெட்டில் கருவி எழுதித் தரும் டைப்டு டேட்டாசெட்டில் நம் மெத்தட்களைச் சேர்க்க, சப்கிளாஸ் எழுதுவதே முறையான வழி என்று வாதிட்டு எழுதியிருக்கிறார் நண்பர் ஒருவர். கருவி எழுதிய கோப்பைத் தொடக்கூடாது என்பதுவரை அவர் சொல்வது சரி. மிச்சத்தை ஒருமுறை ஓட்டிப் பார்த்திருந்தால் எழுதியிருக்க மாட்டார்.

ஆர்டர்ஸ் டேபிளின் ரோவுக்குக் கருவி எழுதித் தந்த ஆர்டர்ஸ்ரோ கிளாஸிலிருந்து சப்கிளாஸ் எழுதி, வரி கணக்கிடும் மெத்தடை வைக்கிறோம். அதன் ஆப்ஜெக்டை உருவாக்கப்போவது யார்? ரோக்களைப் படைப்பது டேபிளின் நியூரோஃப்ரம்பில்டர் மெத்தட். அதற்குள் ஆர்டர்ஸ்ரோ என்றே எழுதியிருக்கிறது. டேட்டாபேஸிலிருந்து வரும் ஒரு ரோகூட நம் சப்கிளாஸாக வராது. காஸ்ட் செய்தால் எக்ஸெப்ஷன்தான்.

டேபிளையும் சப்கிளாஸ் செய்யலாமே என்பார். அந்த டேபிளை உருவாக்குவது டேட்டாசெட். ஆக, அதையும் சப்கிளாஸ் செய்து, பழைய டேபிளை நீக்கிவிட்டுப் புதியதைச் சேர்க்க வேண்டும். ரிலேஷன் இருந்தால் நீக்கவே விடாது. ரிலேஷன் இல்லையென்றால் இன்னும் மோசம்: அடாப்டர் பெயரைப் பார்த்துப் புது டேபிளை நிரப்பும்; ஆர்டர்ஸ் ப்ராப்பர்ட்டியோ பிரைவேட் ஃபீல்டில் கிடக்கும் பழைய காலி டேபிளையே தரும். பிழைச்செய்தி எதுவும் வராது, திரையில் ஒரு ஆர்டரும் தெரியாது. எங்கே தேடுவது? டேட்டாசெட்டின் இனிட்வார்ஸ் மெத்தடை அழைத்தால் ஃபீல்டு சரியாகும்தான். ஆனால் அது இன்டர்னல். வேறு அசெம்பிளியிலிருந்து தொட முடியாது. வேலைக்குப் புதிதாக வந்தவர்களுக்கு இதை முறையான வழி என்று கற்பிப்பது பொறுப்பற்ற செயல்.

பெர்ட்ராண்ட் மேயர் 1988-ல் முன்வைத்த ஓபன்-குளோஸ்டு கொள்கையைத் துணைக்கு அழைக்கிறார் நண்பர். அது நீட்டிக்க இடம்விட்டு வடிவமைத்த கிளாஸுக்குப் பொருந்தும். ஆப்ஜெக்ட் உருவாகும் இடங்களையெல்லாம் தனக்குள்ளேயே பூட்டி வைத்திருக்கும் கிளாஸுக்கு எப்படிப் பொருந்தும்? இதேபோல் கிளாஸ் எழுதித் தரும் புரோட்டோகால் பஃபர்ஸ் கருவி ஜாவாவில் தன் கிளாஸ்களை ஃபைனல் என்றும், சி ஷார்ப்பில் சீல்டு பார்ஷியல் என்றும் எழுதுகிறது. வாரிசுக்குக் கதவை அடைத்துவிட்டு, பார்ஷியலுக்குத் திறந்து வைத்திருக்கிறார்கள்.

டைப்டு டேட்டாசெட்டுக்கும் 2005-லேயே, சி ஷார்ப் 2.0 வந்தபோதே, பார்ஷியல் கிடைத்துவிட்டது. அதே ஆர்டர்ஸ்ரோவின் இன்னொரு பகுதியைத் தனிக் கோப்பில் எழுதினால் போதும். கருவி எத்தனை முறை ஓடினாலும் அது அழியாது, வரும் ஒவ்வொரு ரோவிலும் அந்த மெத்தட் இருக்கும். பார்ஷியலில் ப்ராப்பர்ட்டியின் செட்டரை ஓவர்ரைடு செய்ய முடியாது என்பது அவருடைய கடைசி ஆட்சேபம். அந்த ப்ராப்பர்ட்டி விர்ச்சுவலே இல்லை. அவருடைய சப்கிளாஸாலும் அதை ஓவர்ரைடு செய்ய முடியாது. மதிப்பு மாறும்போது சரிபார்க்க வேண்டுமென்றால் டேபிளில் காலம்சேஞ்சிங் ஈவென்ட் இருக்கிறது; டேட்டாசெட் வந்த நாளிலிருந்தே இருக்கிறது.