யாரைக் கொண்டு யாரை எடைபோடுவது?

ஒரு கட்சியின் ஓரத்தில் நிற்கும் நாலு பேர் கல்லெடுத்து வீசினால், அது கட்சியே வீசிய கல்தானா? மில் வாசலிலும் தேநீர்க் கடையிலும் அடிக்கடி கிளம்பும் வழக்கு இது. மாற்றுக் கட்சிக்காரன் வீசினால் "ஆம்" என்கிறோம். நம்மவன் வீசினால் "அதெப்படி?" என்று சீறுகிறோம். ஒரே தராசில் இரண்டு எடைக்கற்கள்!

மதுரை மக்களுக்கு இந்த வழக்கு புதிதல்ல. 1965 ஜனவரி 25-ஆம் நாளை எண்ணிப் பாருங்கள். இந்தித் திணிப்பை எதிர்த்துக் கிளம்பிய மாணவர்களுக்கும் காங்கிரஸ்காரர்களுக்கும் இந்நகர வீதியிலே மூண்ட சிறு தகராறு பெருங்கலவரமாக வெடித்தது. இங்கே பற்றிய தீ மாநிலமெங்கும் பரவிற்று. அரசாங்கக் கணக்குப்படியே சுமார் 70 பேர் மாண்டனர். அவர்களில் இருவர் போலீசார். முதலமைச்சர் பக்தவத்சலம் என்ன சொன்னார்? தி.மு.க.வும் இடதுசாரிக் கட்சிகளுமே நாசத்துக்குப் பொறுப்பு என்றார். போராட்டத்தை நிறுத்துமாறு அண்ணா மாணவர்களைக் கேட்டுக்கொண்டதும், மாணவர்கள் உடனே அடங்கிவிடவில்லை என்பதும் அவர் அறியாதவையா? சொல்லைக் கேளாதவன் செய்ததற்கும் கட்சியே பொறுப்பு என்றால், மதுரை வீதியில் மாணவரோடு மோதிய காங்கிரஸ்காரர்கள் செய்ததற்குக் காமராஜர் பொறுப்பாளியா? அப்படிச் சொல்ல பக்தவத்சலத்துக்கு நா எழுந்திருக்குமா?

அதற்காக தி.மு.க.வுக்குக் கணக்கே கிடையாது என்று நாம் சொல்லவில்லை. குடியரசு நாளைத் துக்க நாளாக்கச் சொன்னது அக்கட்சி. 1967 தேர்தலில் அறுவடை செய்ததும் அக்கட்சியே. விருதுநகரில் காமராஜரைத் தோற்கடித்த சீனிவாசன் அந்தப் போராட்டத்தின் மாணவர் தலைவர்களில் ஒருவர். போராட்டத்தின் புகழை ஏற்றுக்கொண்டவர்கள், அதன் பழியைப் பற்றிய கேள்விக்கும் பதில் சொல்லியாக வேண்டும். பதில் சொல்வது வேறு, குற்றவாளியாவது வேறு. இந்த வேறுபாட்டைத்தான் மேடைப் பேச்சாளர்கள் வசதியாக விழுங்கிவிடுகிறார்கள்.

அப்படியானால் எதைப் பார்ப்பது? மறுநாள் தலைமை என்ன செய்தது என்று பாருங்கள். கண்டன அறிக்கை விட்டதா என்பதல்ல. அறிக்கைக்குக் காகிதம் போதும். தனக்கு நட்டம் வந்தாலும் அவர்களை விலக்கியதா என்பதே கேள்வி.

1967 மே மாதம் வங்கத்தில் நக்சல்பாரி எழுந்தது. முன்னின்றவர்களான சாரு மஜூம்தாரும் கானு சன்யாலும் மார்க்சிஸ்ட் கட்சிக்குள் இருந்தவர்கள். அப்போது வங்க அமைச்சரவையில் அக்கட்சியும் இருந்தது. மே 25 அன்று துப்பாக்கியால் சுட்ட போலீஸ் அந்த அமைச்சரவையின் போலீஸ்! மாண்டவர்களிலோ பெண்களும் குழந்தைகளும் இருந்தனர். இந்த வேதனையை எளிதில் தாண்டிச் செல்ல நமக்கு மனமில்லை. ஜூலையில் பீகிங் பத்திரிகை நக்சல்பாரியை வசந்த இடிமுழக்கம் என்று போற்றியது. ஆகஸ்டில் மார்க்சிஸ்ட் கட்சியின் மத்தியக் குழு கூடியது எங்கே தெரியுமா? நம் மதுரையில்! இந்தியாவைப் பற்றிய சீனக் கட்சியின் கணிப்பு தவறு என்று இங்கேதான் தீர்மானித்தார்கள். அதற்கு அக்கட்சி கொடுத்த விலை சிறிதன்று. 1968-இல் ஆந்திரத்தில் பெரும்பகுதி ஊழியர்கள் வெளியேறினர். விலகியவர்களில் ஒரு பகுதியினர் 1969-இல் தனிக் கட்சியே கண்டனர். அதன் பிறகும் செங்கொடியைக் கண்டாலே "நக்சலைட்" என்றவர்கள், தெரியாமல் சொல்லவில்லை, வேண்டுமென்றே சொன்னார்கள்.

இதற்கு நேர் எதிரானதை அமெரிக்காவில் கண்டோம். 2021 ஜனவரி 6 அன்று டிரம்ப் ஆதரவாளர் கூட்டம் பாராளுமன்றக் கட்டடத்தில் புகுந்து சூறையாடியது. கட்சிக்குச் சம்பந்தமில்லை என்று அன்று சொன்னவர்கள் உண்டு. 2025 ஜனவரி 20-இல் மீண்டும் பதவியேற்ற டிரம்ப், அன்றைக்கே சுமார் 1,500 பேருக்கு மன்னிப்பு வழங்கினார். விலக்க வேண்டியவர்களை அணைத்துக்கொண்ட பிறகு, ஓரத்தில் நின்ற கூட்டம் என்று எப்படிச் சொல்வது?

இன்னொன்றும் உண்டு, தோழர்களே. தீவிரம் ஓரத்தில் இல்லாமல் நடுவிலேயே உட்கார்ந்திருக்கும் காலமும் உண்டு. 1948-இல் கல்கத்தா மாநாட்டில் ரணதிவே தலைமையில் கம்யூனிஸ்ட் கட்சி எடுத்த பாதை ஒரு கோஷ்டியின் பாதையன்று, கட்சியின் பாதை. அங்கே "யாரோ சிலர் செய்தார்கள்" என்ற சமாதானம் செல்லாது. கட்சியைக் கட்சியாகவே எடைபோட வேண்டும். சர்க்காரும் சும்மா இருக்கவில்லை. 1950 பிப்ரவரி 11 அன்று சேலம் சிறையிலே 22 கம்யூனிஸ்டுக் கைதிகளைச் சுட்டுக் கொன்றது. கைதியாக அடைபட்டவன் மீது குண்டு பாய்ச்சுவதற்கு எந்தத் தீவிரவாதத்தைச் சாக்காகச் சொல்வது?

1951-க்குள் கட்சி அந்தப் பாதையைக் கைவிட்டது, தேர்தலில் நின்றது. நேற்றுவரை நடந்ததை மறந்துவிட்டா மக்கள் வாக்களித்தார்கள்? இல்லை. எல்லாம் தெரிந்துதான் 1952-இல் சென்னை மாகாணத்தில் 62 கம்யூனிஸ்டுகளைச் சட்டசபைக்கு அனுப்பினார்கள். அவர்களில் ஒருவர் பி. ராமமூர்த்தி. சிறையிலிருந்தபடியே நின்ற அவரைத் தேர்ந்தெடுத்தவர்கள் மதுரை வடக்குத் தொகுதி வாக்காளர்கள்.