சேய்மை விழைவும் அண்மை மறப்பும்

விடுமுறை அணுகினால் நம் விடுதியறைகளில் எழும் பேச்சு, எந்நாடு காண்பது என்பதே. ஒருவர் பாரிசு மாநகரை விழைவர். பிறிதொருவர் ஆல்ப்ஸ் மலைப் பனியைக் கனவு காண்பர். அவ்விழைவை யாம் பழிக்கின்றிலேம். அஃது எமக்கும் உண்டு. ஆயின், சேய்மையை விழைவோர் அண்மையை அறிதல் வேண்டாவோ?

சென்ற திங்கள் மதுரைக்கு அணித்தேயுள்ள அரிட்டாபட்டி மலைக்கு யாம் சென்றோம். செல்லுமுன் நெடிது ஆராய்ந்தது உடையைப் பற்றியே. திரைப்படத்திற் கண்டவாறு காலணியும் கருங்கண்ணாடியும் அணிந்து, நிழற்படத்திற்கு ஏற்ற பாறை தேடினோம். அங்கே ஆடு மேய்த்து நின்ற முதியவர் ஒருவர், குகை முகப்பிலுள்ள தமிழ்ப்பிராமி எழுத்தைக் காட்டி, "தம்பி, தமிழ் படிக்கிறதாச் சொன்னீகளே, இதுல என்ன எழுதியிருக்கு?" என்று வினவினார். தமிழ்ச் சிறப்பு வகுப்பு மாணவராகிய யாம் வாய்திறவாது நின்றோம்.

உள்ளூர் மலை எங்கும் போய்விடாது, பின்னர்க் காணலாம் என்பர் சிலர். அரிட்டாபட்டி 2022-ஆம் ஆண்டில் தமிழ்நாட்டின் முதற் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பெற்றது. அங்ஙனமிருந்தும், 2024-இல் அப்பகுதி டங்ஸ்டன் சுரங்கத்திற்கென ஏலம் விடப்பட்டது. ஊர்மக்கள் திரண்டு எதிர்த்தனர். 2025 சனவரியில் ஏலம் நீக்கப்பெற்றது. அம்மலையைக் காத்தவர், அதனை நாடோறும் கண்டு வாழ்ந்தவரே; ஏட்டில் மட்டும் கற்ற யாம் அல்லேம்.

பாரிசுக்குச் செல்வோம், நல்லுடையும் உடுப்போம். அதற்குமுன், அம்முதியவர் வினாவிற்கு விடை கற்று, மீண்டும் அம்மலை ஏறுதல் எம் கடன்.