நோய் வேறு, நாக்கு வேறு

1997இல் வெளிவந்த ‘ஆஸ் குட் ஆஸ் இட் கெட்ஸ்’ என்னும் அமெரிக்கத் திரைப்படத்தை அண்மையில் மீண்டும் பார்த்தேன். ஜேம்ஸ் எல். புரூக்ஸ் இயக்கிய இக்காதல் நகைச்சுவைப் படம், ஜாக் நிக்கல்சன், ஹெலன் ஹண்ட் இருவருக்கும் ஆஸ்கர் விருது பெற்றுத் தந்தது. முன்பு பார்த்தபோது சிரித்தேன்; இம்முறை, நோயாளியின் அருகில் இருப்போரை எண்ணியவாறே பார்த்தேன்.

நியூயார்க்கில் தனித்து வாழும் எழுத்தாளர் மெல்வின். கதவுப் பூட்டைத் திரும்பத் திரும்பத் திருகுவார். கைகழுவப் புதிய சோப்பை எடுத்து உடனே எறிந்துவிடுவார். நடைபாதையின் விரிசல்களை மிதிக்கமாட்டார். இவை எண்ணச் சுழற்சி நோயின் அறிகுறிகள். ஆனால், அண்டை வீட்டு ஓவியரை அவர் இழித்துப் பேசுவது அந்நோயின் அறிகுறி அன்று. படமோ இரண்டையும் ஒன்றாகக் குழைத்துச் சிரிக்க வைக்கிறது. அதுவே அதன் குறை. இந்நோயுள்ளோர் பலர், தம்மால் பிறருக்குத் தொல்லையாகிறதே என்று உள்ளுக்குள் வருந்துபவர்கள்.

எனினும், ஒரு காட்சி உண்மையைச் சொல்லிவிடுகிறது. உணவகப் பணிப்பெண் கேரலின் மகன் ஆஸ்துமாவால் அவதியுறுகிறான். அவனும் இறந்துவிடுவான் என்று மெல்வின் நா கூசாமல் சொல்கிறார். இனி அவனைப் பற்றிப் பேசினால் இங்கு உணவு கிடையாது என்கிறாள் கேரல். அவர் அடங்குகிறார். பூட்டைத் திருகாதே என்று ஆணையிட்டிருந்தால் அவரால் இயன்றிராது; நாவை அடக்கு என்றபோது இயன்றது.

வீட்டில் நோயாளியைப் பேணுவோர் பலர், “நோயால்தானே பேசுகிறார்” என்று சுடுசொற்களை விழுங்கிக்கொள்கின்றனர். மறதி நோய், மூளைப் பாதிப்பு முதலியவற்றில் பேச்சும் குணமும் மாறுவது உண்மையே. ஐயமிருப்பின் மருத்துவரைக் கேளுங்கள். ஏனைய வேளைகளில், “இப்படிப் பேசாதீர்கள்” என்று அமைதியாகச் சொல்வது அன்பின்மை ஆகாது. நோயாளியையும் பொறுப்புள்ள மனிதராக மதிப்பதே அது.

மற்றொன்று: காதல் மெல்வினைக் குணப்படுத்தவில்லை, தாம் வெறுத்த மாத்திரைகளை உட்கொள்ளும் மனத்தையே அளித்தது. இந்நோய்க்கு மருந்தும் உண்டு, அச்சத்தைப் படிப்படியாக எதிர்கொள்ளும் உளவியல் பயிற்சியும் உண்டு. குடும்பத்தின் அன்பு நோயாளியைச் சிகிச்சையின் வாசல்வரை அழைத்து வரலாம். சிகிச்சைக்கு மாற்றாக முடியாது. ஆகவே, உங்கள் உறவினர் இன்னும் குணமாகவில்லையெனில், உங்கள் அன்பு போதவில்லை என்று நொந்துகொள்ளாதீர்கள்.